டாஃப் இரும்பை வளைக்கிறாள், பிளாட்டினத்தை மட்டும் ஏன் முடியாது? படைப்பு வீட்டில் தொடங்கிய சண்டை

இரண்டாங்கட்டு (தொடங்கியவர்)

'அவதார்' கார்ட்டூன் தொடரை மட்டுமல்ல, அதன் தொடர்ச்சியான 'த லெஜண்ட் ஆஃப் கோரா'வையும் முழுக்கப் பார்த்தவர்கள் மட்டும் உள்ளே வாருங்கள். மற்றவர்கள் இப்போதே திரும்பிவிடுங்கள், கதையை உடைக்காமல் இதைப் பேச வழியில்லை.

போன வாரம் படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடுவதற்காக, கானாடுகாத்தான் வீட்டில் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தோம். பெரியவர்கள் பட்டாலையில் உட்கார்ந்து செலவுக் கணக்கில் மூழ்கிவிட, பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இரண்டாங்கட்டில் பாயை விரித்து லேப்டாப்பில் 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' ஓட்டினார்கள். இரண்டாம் புத்தகம் (சீசனைத்தான் இதில் அப்படிச் சொல்வார்கள்), 'த குரு' பகுதி. கண் தெரியாத சிறுமி டாஃபை இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வண்டியில் கொண்டுபோகிறார்களே, அந்த இடம். மண்ணையும் கல்லையும் தொடாமலே வளைக்கும் எர்த்பெண்டரால் உலோகத்தை என்ன செய்துவிட முடியும் என்று பிடித்தவர்கள் தெம்பாக வண்டி ஓட்ட, அவள் உள்ளே பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்து, உலோகத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் மண் துணுக்குகளைக் கண்டுபிடித்து, தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறாள். பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். இன்னும் புல்லரிக்கிறது.

அந்தக் காட்சிக்கு நடுநடுவே கிழக்குக் காற்றுக் கோயிலில் குரு பதிக் கதாநாயகன் ஆங்குக்கு உடம்பின் சக்கரங்களைத் திறக்கச் சொல்லிக்கொடுப்பதையும் காட்டுவார்கள். ஆறாவது ஒளிச் சக்கரம். எல்லாம் தனித்தனி என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய மாயை, நான்கு நாடும் ஒன்று, நான்கு பூதமும் ஒன்று, உலோகம்கூடச் சுத்தம் செய்த மண்தான் என்கிறார்.

அண்ணன் மகளுக்குப் பத்து வயது. அவள் கேட்டாள்: "சித்தப்பா, சுத்தம் செஞ்ச மண்ணுதான் உலோகம்னு குரு சொல்றார். அப்ப கோராவுல பிளாட்டினம் ரொம்பச் சுத்தம், அதனால வளைக்க முடியாதுன்னு சொல்றாங்களே. சுத்தம் செய்யச் செய்ய மண்ணு மண்ணா இல்லாம போயிடுமா? யார் சொல்றது பொய்?"

எனக்கு வாயடைத்துவிட்டது. கோரா முதல் புத்தகத்தில் வில்லன் பக்கம் சேர்ந்த தொழிலதிபர் ஹிரோஷி சாட்டோ தன் மெக்கா டாங்குகளை (ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் சண்டை இயந்திரங்களை) பிளாட்டினத்தில் செய்து வைத்துக்கொண்டு, இவ்வளவு சுத்தமான உலோகத்தை உன் அம்மாவாலேயே வளைக்க முடியாது என்று டாஃபின் மகளான போலீஸ் தலைவி லின்னிடம் பீற்றிக்கொள்வான். நாம் எல்லாரும் அதைக் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் பதிக் சொல்வது தத்துவம், சாட்டோ சொல்வது பட்டறைக் கணக்கு. இரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருக்க வாய்ப்புண்டா?

கூடவே அவள் கேட்ட இன்னொன்று, இதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்: பாதத்தில் படும் அதிர்வை வைத்துத்தானே டாஃப் பார்க்கிறாள், அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) அவளுக்குக் "கண் தெரியுமா"?

---

தேய்ந்த ஆனோடு

காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) சில வருடம் துருவோடு குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், உங்கள் அண்ணன் மகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள்.

எல்லாரும் "கலப்படக் கொள்கை" என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதாவது உலோகத்துக்குள் மிச்சம் மீதி மண் இருக்கிறது, டாஃப் வளைப்பது அந்த மிச்சத்தைத்தான், உலோகம் அதோடு சேர்ந்து இழுபடுகிறது. காட்சியில் காட்டுவதும் ஏறக்குறைய அதுதான். எனக்கு இது கொஞ்சம் கசப்பாகவே இருந்துவந்தது, ஏனென்றால் அப்படிப் பார்த்தால் மெட்டல்பெண்டிங் (உலோகம் வளைக்கும் வித்தை) என்று தனியாக ஒன்றும் இல்லை, அழுக்கு வளைப்பதுதான் இருக்கிறது.

நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். இரும்பு பூமிக்குள் இரும்பாகக் கிடைப்பது அபூர்வம். ஆக்ஸிஜனோடு சேர்ந்து, செம்மண் நிறத்தில், தாதுவாகக் கிடைக்கிறது. கரியைப் போட்டு உலையில் கொளுத்தி அந்த ஆக்ஸிஜனைப் பிடுங்கினால்தான் நமக்கு இரும்பு. ஆனால் அது அங்கேயே நிம்மதியாக இருந்துவிடாது. ஈரமும் காற்றும் பட்டால் போதும், மறுபடி ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு பழையபடி மண் நிறத்துக்கு வந்துவிடும். துரு என்று நாம் திட்டுவது இரும்பு தன் தாய்வீட்டுக்குத் திரும்புவதைத்தான். மண்டபத்துக் கடற்கரையில் உப்புக்காற்றில் தகடுகளை வைத்துவிட்டுச் சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தவனுக்கு இதில் சந்தேகமே வராது. அலுமினியம் இன்னும் அவசரக்காரன், அறுத்த அடுத்த நொடியே மேலே சில நானோமீட்டர் கனத்துக்கு ஆக்ஸைடு போர்த்திக்கொள்ளும்.

பிளாட்டினத்துக்கு அந்த ஏக்கம் கிடையாது. திறந்த காற்றில் வருடக்கணக்கில் போட்டுவைத்தாலும் அப்படியே பளபளவென்று கிடக்கும். இயற்கையிலேயே அது உலோகமாகக் கிடைப்பதும் உண்டு. எனவே என் கட்சி: எர்த்பெண்டர் பிடித்து இழுப்பது உலோகத்துக்குள் இருக்கும் "மண்ணாகத் திரும்ப வேண்டும்" என்ற இழுவிசையை. இரும்பிடம் அது இருக்கிறது, டாஃப் கூப்பிட்டால் வருகிறது. பிளாட்டினம் எந்தக் காலத்திலும் மண்ணாக இருந்ததில்லை, எனவே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. பதிக் சொன்னதும் நிற்கிறது, சாட்டோ சொன்னதும் நிற்கிறது. "சுத்தம்" என்ற வார்த்தையை மட்டும் சாட்டோ தப்பாகப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

---

மல்லிகை டிராகன் டீக்கடை

அண்ணே, அருமை, ஆனால் விண்கல்லை மறந்துவிட்டீர்கள்.

மூன்றாம் புத்தகத்தில் ஆங்கின் கூட்டாளி சோக்கா விண்கல்லில் வாள் செய்துகொள்கிறான் இல்லையா, வாள் வாத்தியார் பியான்டாவிடம் பயிற்சிக்குப் போகும் பகுதி. மிச்சத் துண்டை டாஃபுக்குக் கொடுக்கிறான், அவள் அதைக் கையில் வைத்து நினைத்தபடி உருமாற்றி விளையாடுகிறாள், அப்புறம் வளையாக மாட்டிக்கொள்கிறாள். கோராவில் ஸாவ்ஃபு நகரத்தில் கோரா மெட்டல்பெண்டிங் கற்றுக்கொள்வதும் விண்கல் துண்டில்தான். அந்த மாதிரி விண்கல் என்றால் இரும்பும் நிக்கலும், உலோகமாகவேதான் வானத்திலிருந்து விழுகிறது. யாரும் உலையில் வைத்துச் சுத்தம் செய்யவில்லை. நம் பூமியின் மண்ணாக அது ஒரு நாளும் இருந்ததில்லை. உங்கள் "தாய்வீடு" எங்கே?

நான் கலப்படக் கட்சி. அதற்கு முதல் புத்தகத்திலேயே சாட்சி இருக்கிறது, நம் ஆட்கள் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஆறாவது பகுதி, 'இம்ப்ரிசன்ட்'. எர்த்பெண்டர்களை நடுக்கடலில் இரும்பு மேடையில் சிறைவைத்திருப்பார்கள், சுற்றிலும் ஒரு பிடி மண் கிடையாது. ஆங் அந்த மேடையின் அடிவயிற்றில் இருந்த நிலக்கரியைக் காற்றுக் குழாய் வழியாக மேலே கொண்டுவந்து கொட்டுவான், பிறகு கைதிகள் அதை வைத்து அடி பின்னிவிடுவார்கள். ஆக, கரி இந்தக் கதையில் மண் கணக்கில் சேர்த்தி. எஃகு என்றால் என்ன? இரும்புக்குள் கரி. நம் ஊர்ப் பழைய உருக்கில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு கரி இருந்தது என்பார்கள். டாஃபுக்கு அது அல்வா மாதிரி. 2005இல் வந்த ஒரு சாதாரண நிலக்கரிக் காட்சி, அடுத்த வருடக் கடைசியில் வரும் மெட்டல்பெண்டிங்குக்கு விதை போட்டு வைத்திருக்கிறது. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, எனக்கு அது போதும்.

---

அச்சும் கண்ணாடியும்

தரைக் கேள்விக்கு வருகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த தொழில். வீட்டில் மூன்று தலைமுறையாக ஆத்தங்குடிக் கல் போடுகிறோம்.

முதலில் இது சுட்ட ஓடு கிடையாது, பலர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் காய்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைப்பது. அடுப்பே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. டாஃப் காலில் படுவது முழுக்க மணல், சிமென்ட், அடியில் சுண்ணாம்புப் படுகை, அதற்கும் அடியில் நம் செம்மண். இடையில் எங்கேயும் காற்று விடாமல் பதித்திருந்தால் அவளுக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரியும். பாலைவனத்தில் மணல் மேல் நிற்கும்போது எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்பாள், அது உதிரி மணல் என்பதால். அதே மணலை இறுக்கிவிட்டால் கதையே வேறு. அடியில் பொள்ளலாகப் பதித்த கல்லை நானே குச்சியால் தட்டிச் சொல்லிவிடுவேன், அவள் சொல்ல மாட்டாளா? பதிக்கிற இடத்துக்கு டாஃபை மேஸ்திரியாக வைத்தால் எங்களுக்கு அரைவாசித் தலைவலி தீரும்.

சுவரும் அவளுக்குப் பிரச்சினை இல்லை. சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெள்ளை என்று எத்தனை பூச்சுப் போட்டாலும் அடிப்படை சுண்ணாம்புதான், அது கல்லிலிருந்து வந்தது. இத்தாலி மார்பிளும் அப்படியே.

அவளைத் திணற வைக்க வேண்டுமென்றால் மாடிக்குக் கூட்டிப்போக வேண்டும். மரத்தளம் போட்ட அறைகள் சில வீடுகளில் இருக்கின்றன, பர்மாத் தேக்கு. 'த ரன்அவே' பகுதியில் டாஃபையும் தண்ணீரை வளைக்கும் கட்டாராவையும் மரச்சிறையில் அடைத்ததும் டாஃபால் ஒன்றும் செய்ய முடியவில்லை, கட்டாரா தன் வியர்வையை வைத்துத்தான் மரத்தை அறுத்து வெளியே வந்தாள். இங்கேதான் டீக்கடைத் தம்பியிடம் ஒரு கேள்வி. கரி இருந்தால் போதும் என்றால் மரத்திலும்தான் கரி இருக்கிறது, எரித்தால் வேறென்ன மிஞ்சுகிறது? அதை ஏன் அவள் வளைக்கவில்லை?

---

மல்லிகை டிராகன் டீக்கடை

மாட்டிவிட்டீர்கள் அண்ணே. முதல் தொடரில் வரும் சதுப்பு நிலத்து ஹூ என்ற ஆள் கொடிகளை வளைப்பது அதற்குள் இருக்கும் தண்ணீரை வைத்து, எனவே செடிகொடி எல்லாம் தண்ணீர்க்காரன் பங்கு, பாகப்பிரிவினை முன்பே முடிந்துவிட்டது என்று இப்போதைக்குச் சமாளிக்கிறேன். ராத்திரி யோசித்துவிட்டு வருகிறேன்.

---

சோசின் வால்நட்சத்திரம்

நீங்கள் எல்லாரும் ஒரு பெரிய விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். முதல் தொடர் 2005 முதல் 2008 வரை, 61 பகுதி. அதன் தலைமை எழுத்தாளர் ஏரன் ஈஹாஸ் கோராவில் இல்லை. கோரா 2012இல் வந்தபோது முதலில் பன்னிரண்டு பகுதியோடு முடிகிற குறுந்தொடராகத்தான் திட்டம். மெட்டல்பெண்டிங் போலீஸ் நிறைந்த ஊரில் வில்லனுக்கு அவர்களைச் சமாளிக்க ஒரு ஆயுதம் தேவைப்பட்டது, பிளாட்டினம் வந்தது. அவ்வளவுதான் காரணம்.

இதே மாதிரிதான் சிங்க ஆமையும். எர்த்பெண்டிங்கை பேட்ஜர்மோல் என்ற மண் தோண்டும் விலங்கு கற்றுக்கொடுத்தது, தண்ணீருக்கு நிலா, நெருப்புக்கு டிராகன், காற்றுக்குப் பறக்கும் காட்டெருமை என்று முதல் தொடரில் சொல்லிவிட்டு, கோரா இரண்டாம் புத்தகத்தில் முதல் அவதார் வான் என்பவனின் கதை சொல்லும்போது சக்தியைக் கொடுத்ததே சிங்க ஆமைகள் என்றார்கள். சக்தி ஆமை கொடுத்தது, வித்தை விலங்கு கொடுத்தது என்று ரசிகர்கள்தான் உட்கார்ந்து ஒட்டுப்போட்டார்கள். கதை எழுதியவர்கள் அவசரத்தில் விட்ட ஓட்டைக்கு நாம் சாந்து பூசிக்கொண்டிருக்கிறோம்.

---

தேவகோட்டை ஆச்சி

சாந்து பூசுவதில் என்ன தப்பு தம்பி, ஊரில் பாதி வீடு அப்படித்தான் நிற்கிறது. அந்த ஒட்டும் ஒட்டுப் போலவே தெரியவில்லை, வானே ஒரு டிராகனிடம்தான் நெருப்பை ஆளக் கற்றுக்கொள்கிறான், அதையும் காட்டத்தானே செய்தார்கள்.

நான் மகனுக்காகப் பார்க்க ஆரம்பித்தேன். அவன் வேலைக்குச் சென்னை போய் ஐந்து வருடம் ஆகிறது, நான் மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை முதலிலிருந்து பார்க்கிறேன். வேதியியல் எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாரும் பிளாட்டினத்தையே பேசுகிறீர்கள், கோராவின் உடம்புக்குள் இருந்த விஷத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் புத்தகக் கடைசியில் கோராவுக்குச் செலுத்துவது உலோக விஷம். அவள் சாகக் கிடக்கும்போது லின்னின் தங்கை சுயின்தான் அதை வளைத்து வெளியே எடுக்கிறாள். உடம்பில் பரவிய சில சொட்டு. அதில் எத்தனை மண் துணுக்கு இருந்துவிடப் போகிறது? கலப்படக் கட்சிக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள் முதலில்.

அதோடு முடியவில்லை. கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது. மூன்று வருடம் அவள் பட்ட பாடு நான்காம் புத்தகம் முழுக்க இருக்கிறது. கடைசியில் சதுப்பு நிலத்தில் எண்பது தாண்டிய டாஃபிடம் போய்ச் சேருகிறாள். கிழவி எடுக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. உலகத்திலேயே முதன்முதலில் உலோகத்தை வளைத்தவளுக்கு முடியவில்லை! காரணம் உலோகத்தில் இல்லை. தொட்டவுடன் கோரா உடம்பை இறுக்கிக்கொள்கிறாள், அதனால் நீயேதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுகிறாள். பயம் அடங்கிய பிறகு கோரா தானே எடுக்கிறாள்.

பதிக் சொன்ன சக்கர வரிசையில் முதலாவது எது? மண். அதை அடைப்பது எது? பயம். ஆறாவது சக்கரத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறீர்கள், முதலாவதை விட்டுவிட்டீர்கள். பெட்டிக்குள் மாட்டிய டாஃபுக்கு இது முடியாது என்று யாரும் சொல்லி வளர்க்கவில்லை, கண் தெரியாத பிள்ளைக்கு எதுவுமே முடியாது என்றுதான் சொல்லி வளர்த்தார்கள், அதை அவள் ஏற்கெனவே உதறிவிட்டாள். லின்னும் சுயினும் அப்படியில்லை. உலோகம் வளைப்பது அவர்களுக்குப் பள்ளிப்பாடம், அதில் பிளாட்டினம் முடியாது என்பதும் ஒரு பாடம். டாஃப் பிளாட்டினத்தைத் தொட்டுப் பார்த்துத் தோற்றதாக ஒரு காட்சியும் இல்லை. சாட்டோ சொன்னதுதான். எதிராளி வாயால் சொன்னதைச் சட்டமாக எழுதிக்கொண்டது நாம்.

இருந்தாலும் ஆனோடுத் தம்பி சொன்னது ஒரு வகையில் எனக்கு நிம்மதி. பிளாட்டினம் மாதிரிதானே தங்கமும், துருப்பிடிக்காது. அப்படியானால் என் கழுத்திருவை (எங்கள் பக்கத்துத் தாலி) எந்த மெட்டல்பெண்டரும் கழற்றிப் போக முடியாது.

---

தேய்ந்த ஆனோடு

ஆச்சி, நகையில் செம்பு கலந்திருக்கும், செம்பு கறுக்கும், எனவே லாக்கரிலேயே இருக்கட்டும்.

விண்கல் கேள்விக்குப் பாதி தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். "ஒரு காலத்தில் மண்ணாக இருந்தது" என்ற பகுதி உடைந்துவிட்டது. "மண்ணாகப் போக விரும்புகிறது" என்ற பகுதி உடையவில்லை, இரும்பு விண்கல்லும் இங்கே வந்த பிறகு துருப்பிடிக்கத்தான் செய்கிறது, சேர்த்து வைப்பவர்கள் அதோடு படும் பாடு தனிக்கதை. வேறு உலகத்து இரும்பாக இருந்தாலும் நம் காற்று பட்டதும் நம் மண்ணுக்கு உறவாகிவிடுகிறது.

பயம் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான்காம் புத்தகக் கடைசியில் வில்லி குவிராவின் பிளாட்டினப் பூதம் (ராட்சத இயந்திரம்) ஊரையே நொறுக்குகிறது. லின்னும் சுயினும் உயிரைக் கொடுத்துப் போராடுகிறார்கள், அப்போதுகூடத் தகட்டை வளைக்க முடியாமல், பிளாஸ்மா ரம்பத்தால் ஓட்டை போட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஓட்டை போட்டது அதே சாட்டோ, உயிரையும் விட்டான். அவன் சும்மா பீற்றிக்கொண்டவன் என்றால் அந்த இடத்தில் ரம்பம் எதற்கு?

---

தேவகோட்டை ஆச்சி

டாஃப் அங்கே வரவில்லையே தம்பி. அதைத்தான் சொல்கிறேன்.

---

இரண்டாங்கட்டு (தொடங்கியவர்)

எல்லாருக்கும் நன்றி. பதில்களை அவளுக்குப் படித்துக் காட்டினேன். டீக்கடைக்காரரின் பாகப்பிரிவினையைக் கேட்டுச் சிரித்தாள், ஆச்சி கட்சிதான் சரி என்றாள், உடனே என் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வளவில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நேரம் மூன்று மணி இருக்கும். தரையில் இருக்கும்வரை அவளுக்குக் குளிர்ச்சி, முற்றத்துக் கருங்கல் ஓரம் கால் பட்டதும் சுட்டு, துள்ளித் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் அப்பத்தா நடந்து வருவதையும் பெரியப்பா வருவதையும் பிரித்துச் சொன்னாள். அப்பத்தா இடது காலை இழுத்து வைப்பது இத்தனை வருடத்தில் எனக்கே தெரியாது. அச்சும் கண்ணாடியும் அண்ணனுக்கு ஒரு செய்தி: பட்டாலைப் பக்கம் மூன்று கல் பொள்ளலாம், தட்டிக் கண்டுபிடித்துவிட்டாள், ஒரு நாள் வந்து பாருங்கள்.

அப்புறம் நேராக இரும்புத் தூணுக்குப் போய் உள்ளங்கையால் அடித்தாள். காதை வைத்தாள். நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினாள், முகர்ந்து பார்த்தாள்.

"துரு இருக்கு சித்தப்பா. இதை வளைச்சிடுவா."

---

தேய்ந்த ஆனோடு

எந்தப் பக்கம் துரு, அடியிலா நடுவிலா? அடியில் என்றால் மழைக்கு முன் சுரண்டி எடுத்துவிட்டு ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட் அடித்துவிடுங்கள். டாஃப் வரும்வரை தூண் நிற்க வேண்டும்.